ஏ செக்‌ஷன் மிஸ்ஸின் பச்சை இலைகள்

ஐப்பசி பிறந்துவிட்டால் என் மகள் வித்யா இருக்கும் வெளிநாட்டில் மரமெல்லாம் குங்குமமும் மஞ்சளுமாக மாறிவிடும். வேலைக்குப் போகிற வழியில் நின்று போட்டோ எடுத்து எனக்கு அனுப்புவாள். வருஷா வருஷம் போட்டோ மாறும், கீழே எழுதுவது மட்டும் மாறாது. "அம்மா, எலை செவந்துடுச்சு! எங்க மிஸ்ஸுக்குக் காட்டணும்போல இருக்குது."

எங்க மிஸ்! கல்யாணமாகி, பெண் பெற்று, அந்தப் பெண்ணும் பள்ளிக்கூடம் போகிறாள். இன்னமும் எங்க மிஸ். ஏன், நான் யாராம்? நானும் மிஸ்தானே? அதே பள்ளிக்கூடத்தில் அதே இரண்டாம் வகுப்புக்குத்தான் நானும் பாடம் எடுத்தேன். அந்தம்மா ஏ செக்‌ஷன், நான் பி செக்‌ஷன். நடுவில் ஒரு மரத்தடுப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிள்ளையார்பாளையத்தில் அது ஒரு காலத்தில் வரிசையாகத் தறிகள் ஓடிய நீளமான ஹால். தொண்ணூறுகளில் அதைப் பள்ளிக்கூடமாக்கினார்கள். தறிக்குழிகளை மண் போட்டு மூடி மேலே சிமென்ட் பூசியிருந்தார்கள். தரையில் அந்த இடங்கள் மட்டும் சதுரம் சதுரமாகத் தெரியும். அதன்மேல் உட்காரப் பிள்ளைகளுக்குள் தினமும் அடிதடி. ஹாலுக்கு இருந்தது ஒரே வாசல், அதுவும் என் பக்கம். ஏ செக்‌ஷனுக்குப் போகிற யாரும் என் வகுப்பைத் தாண்டித்தான் போகணும். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால்கூட எனக்குக் கேட்கும்.

டீச்சர் பிள்ளை டீச்சர் வகுப்பில் படிக்கக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம். சலுகை காட்டிவிடுவோமாம். அதனால் வித்யாவை ஏ செக்‌ஷனில் போட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குள் என்னை அம்மா என்று கூப்பிடக்கூடாது, மிஸ் என்றுதான் கூப்பிடணும் என்று நானே அவளுக்குச் சொல்லிவைத்தேன். அதுவரை அந்தப் பிள்ளை என் முந்தானையை விட்டு நகர்ந்ததில்லை. ஜூன் மாதம் என் பிள்ளையாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனவள், காலாண்டுப் பரீட்சைக்குள் அந்தம்மா பிள்ளையாகிவிட்டாள்.

அப்படி என்ன அழகு, என்ன படிப்பு என்று கேட்கிறீர்களா? ஒன்றும் கிடையாது. பட்டு நெய்கிற ஊரில் வெளுத்துப்போன வாயில் புடவை. கொண்டையில் பூ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு துண்டுப் பென்சில். நாற்காலி இருக்கும்போதே தரையில் உட்கார்ந்துகொள்ளும் பழக்கம். எங்களைப்போலக் குரலை உயர்த்தவும் மாட்டாள். ஆனால் ஒரு விநோதமான பழக்கம் இருந்தது. பிள்ளைகள் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் முதலில் மோந்து பார்ப்பாள். ரப்பர், கூழாங்கல், நத்தை ஓடு, எதுவானாலும் சரி. மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அப்புறம்தான் பேசுவாள்.

பேச்சும் பெரிதாக இருக்காது. "தெரியலையே! பாத்துட்டு வந்து சொல்லு." இதுதான் அந்தம்மாவின் வேதம். எறும்பு தூங்குமா மிஸ்? தெரியலையே, பாத்துட்டு வந்து சொல்லு. கோயில் யானைக்கு எத்தனை நகம் மிஸ்? தெரியலையே, பாத்துட்டு வந்து சொல்லு. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெரியாததற்கா சம்பளம் வாங்குகிறாள்? நான் கேள்வி வாயை விட்டு வருமுன் பதில் சொல்லி, அதை மூன்று தரம் எழுதவும் வைத்துவிடுவேன். என் பிள்ளைகள் அடுத்த கேள்வி கேட்டதில்லை. அந்தப் பக்கமோ சந்தைக்கடை மாதிரி சத்தம்.

ஒரு நாள் அங்கே திடீரென்று கைதட்டல். நான் ஸ்கேலால் தடுப்பைத் தட்டினேன், நிற்கவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வித்யா ஓடிவந்து வாயைத் திறந்து காட்டினாள். முன்பல்லைக் காணோம். அவளுக்கு விழுந்த முதல் பல்.

"பல்லு எங்கடி?"

"மேல போட்டாச்சு மிஸ். எங்க மிஸ் மோந்து பாத்தாங்க, அப்புறம் அல்லாரும் சேந்து எண்ணினோம், ஓட்டு மேல போட்டேன்."

சாணியில் உருட்டி நம் வீட்டுக் கூரைமேல் போட்டு, நல்ல பல் முளைக்கணும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியவள் நான். ஆடிக்கொண்டிருந்த பல்லை ஒரு வாரமாகத் தினமும் ராத்திரி தொட்டுத்தொட்டுப் பார்த்தவள் நான். அது விழுந்ததற்குத் தட்டிய கையைத்தான் நான் ஸ்கேலால் தட்டி அடக்கப் பார்த்திருக்கிறேன். என் பிள்ளையின் முதல் பல் பள்ளிக்கூடத்து ஓட்டின் மேல் கிடந்தது.

வீட்டிலும் நிம்மதியில்லை. தட்டு வைத்தால் வித்யா சாம்பாரை மோந்து பார்த்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தால் எண்ணெயை மோந்தாள். அவள் அப்பா தறியில் உட்கார்ந்தபடியே சிரிப்பார். "உன் வயித்தெரிச்சல வச்சி ஒரு அண்டா சாயம் காய்ச்சலாம்டி," என்பார். அவருக்கென்ன, அவர் பிள்ளையை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. அவர் தோள்மேல் ஏறித்தான் அது தூங்கியது.

இப்படியிருக்கும்போதுதான் இலையுதிர் காலம் என்ற பாடம் வந்தது.

எங்கள் புத்தகம் எங்கேயோ வடக்கே அச்சடித்தது. அதில் கம்பளிச் சட்டை போட்ட பையன் சிவப்பு இலைகளைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருப்பான். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் இலையுதிர் காலம் என்று கீழே எழுதியிருக்கும். நான் அதையே சொன்னேன், எழுதவைத்தேன், முடிந்தது. அந்தப் பக்கம் யாரோ கேட்டார்கள். "மிஸ், நம்ம ஊருக்கு எப்ப வரும்?"

"தெரியலையே," என்றாள் அந்தம்மா. "கொழா பக்கத்துல பாதாம் மரம் இருக்குது இல்ல? அதுல ஒரு எலை முழுசா செவந்தா வந்துடுச்சுன்னு அர்த்தம். தினம் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

சரஸ்வதி பூஜைக்குப் பள்ளிக்கூடம் விடுவதற்கு முன்னால், இந்தப் பாடத்துக்கு ஒவ்வொரு வகுப்பும் சுவரில் ஒரு படம் செய்து ஒட்டவேண்டும், பெற்றோர்கள் வந்து பார்ப்பார்கள் என்று கரஸ்பாண்டன்ட் உத்தரவு போட்டார். என்னிடமா விளையாட்டு? ராத்திரி உட்கார்ந்து கிரேப் காகிதத்தில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் இலைகள் வெட்டினேன். தறியடியில் கிடந்த ஜரிகைத் துண்டுகளைப் பொறுக்கி இலைக்கு நரம்பு வைத்தேன். பிள்ளைகள் பசை தடவி ஒட்டினார்கள். பி செக்‌ஷன் சுவர் அன்று கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது.

ஏ செக்‌ஷன் சுவரிலும் ஒரு மரம் இருந்தது. கரியால் வரைந்த கிளைகள், அவற்றில் நிஜமான பாதாம் இலைகள். எல்லாம் பச்சை. ஒவ்வொரு இலைக்கும் கீழே கோழிக் கிறுக்கலில், 'இன்னைக்கும் பச்சை', 'இன்னைக்கும் பச்சை.' பழைய இலைகள் சருகாகிச் சுருண்டிருந்தன.

கரஸ்பாண்டன்ட் என் சுவரைப் பார்த்து, "பலே மேடம்!" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்படியே அந்தப் பக்கம் போனார். பெற்றோர்களும் பின்னால் போனார்கள்.

"இன்னா மேடம் இது? பாடம் இன்னா, நீங்க ஒட்டியிருக்கிறது இன்னா? செவப்பு எலை எங்க?"

"இன்னும் செவக்கலை சார்."

"புஸ்தகத்துல அக்டோபர்னு போட்டிருக்குதா இல்லையா?"

"போட்டிருக்குது சார். மரத்துக்குத் தெரியலையே."

பெற்றோர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் முகம் கறுத்தது. பிள்ளைகள் முன்னாலேயே, சம்பளம் வாங்குவது விளையாடுவதற்கல்ல என்று காய்ச்சி எடுத்துவிட்டார். அந்தம்மா கொண்டையிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டு நின்றாள். பொய் சொல்லக்கூடாது, எனக்கு இனித்தது. வீட்டுக்குப் போகிற வழியில் வித்யாவிடம், "எங்க கிளாஸ் மரம் எப்படிடி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

வித்யா யோசித்தாள். "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது பொய் எலைம்மா."

ராத்திரியெல்லாம் கண் எரிய வெட்டியது பொய் இலையாம். அந்த இனிப்பு வீடு வரைக்கும்கூட வரவில்லை.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் பாவு நூலை நீட்டி விரிக்க முடியாது, வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர் ஊறியது. அப்பாமார்கள் எல்லோரும் வீட்டில் சும்மா இருந்தார்கள். பள்ளிக்கூடத்து ஓடும் ஒழுகியது. என் கிரேப் இலைகள் நனைந்து, சிவப்பு கரைந்து சுவரெல்லாம் கோடு கோடாக வழிந்தது. அந்தப் பக்கத்துப் பச்சை இலைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 'மழை, பச்சை' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வித்யா வலது கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டு வரை அரக்குச் சிவப்பு. ரத்தம் என்று நினைத்து நான் போட்ட கூச்சலில் அவள் அப்பா திண்ணையிலிருந்து எகிறி ஓடிவந்தார்.

ரத்தமில்லை, சாயம். தெருக்கோடியில் வித்யாவின் கூட்டாளி கௌரி வீட்டில் சாயப்பட்டறை. பட்டுக்குச் சாயம் ஏற்றி முடித்த அண்டாவில் மீந்த தண்ணீர் இருந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து பாதாம் இலையை அதில் போட்டிருக்கின்றன. இலை மிதக்கிறதே என்று இவள் கையாலேயே அமுக்கிப் பிடித்திருக்கிறாள். அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கி நேரமாகியிருந்தது, ஏதோ தெய்வம் காப்பாற்றியது. கொதிக்கிற சாயத்தில் வெந்துபோன கைகளை எங்கள் தெருவில் நான் பார்த்திருக்கிறேன்.

"எதுக்குடி பாவி கைய வுட்ட?"

"எலைய செவக்க வைக்கலாம்னுதாம்மா." தேம்பிக்கொண்டே சொன்னாள். "எங்க மிஸ் பாவம்மா. சார் அன்னிக்கு அல்லார் முன்னாடியும் திட்டினாரு இல்ல? ஒரே ஒரு எலை செவந்தா போதும், அப்புறம் திட்ட மாட்டாரு."

"செவந்துச்சா?"

இடது கையைத் திறந்து காட்டினாள். இலை அதேபோலப் பச்சையாக இருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வதங்கியிருந்தது.

சோப்பு, புளி, எலுமிச்சம்பழம் எல்லாம் போட்டுத் தேய்த்தேன். பட்டுக்கு ஏற்றிய சாயம், போகுமா? தேய்க்கத் தேய்க்க எனக்கு ஒரே எண்ணம்தான். அந்தக் கரஸ்பாண்டன்ட் அன்றைக்கு என்னைத் திட்டியிருந்தால் இவள் எனக்காக அண்டாவில் கையை விட்டிருப்பாளா? விட்டிருக்க மாட்டாள் என்று தோன்றியது. அழுகை வந்தது, தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை, என் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, வித்யாவின் சிவந்த கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.

"பாருங்க மிஸ், உங்க இலையுதிர் காலம் எம்பொண்ணு கையில வந்து நிக்குது!"

அந்தம்மா தரையிலிருந்து எழுந்து வந்தாள். வித்யாவின் கையை வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோனாள். முகம் வெளுத்துவிட்டது.

"சாயமா? சுட்டுச்சா கண்ணு?"

"இல்ல மிஸ்."

என் பக்கம் திரும்பினாள். "தப்பு எம்மேலதாங்க மிஸ். செவக்கிற வரைக்கும் பாருங்கன்னு சொன்னேன். நீங்க எதையும் செவக்க வைக்காதீங்கன்னு சொல்ல எனக்குத் தோணலை. பெத்தவங்க உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!"

ஞாயிறு முழுக்கச் சேர்த்துவைத்திருந்த சண்டை எனக்கு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் பிலுபிலுவென்று பிடித்திருப்பேன். எல்லாவற்றையும் அவளே ஒப்புக்கொண்டால் நான் எதை வைத்துச் சண்டை போடுவது? விடக்கூடாது என்று குரலை உயர்த்தினேன். "ஒப்புக்கிட்டா ஆச்சா? கை வெந்திருந்தா யார் மிஸ் பதில் சொல்றது? தெரியலையேன்னு சொல்வீங்களா?"

அப்போது வித்யா எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். அந்தம்மாவுக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து, சிவப்புக் கையை விரித்து நீட்டினாள். "எங்க மிஸ்ஸ திட்டாதம்மா!"

பள்ளிக்கூடத்துக்குள் அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அதுவும் இதற்காக. நான் தடுப்பைச் சுற்றி என் பக்கம் வந்துவிட்டேன். என் பிள்ளைகள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று சாயங்காலமே அந்தம்மா தெருக்கோடிக்குப் போய், மீந்த சாயத்துக்கு மூடி போட்டு வையுங்கள், பிள்ளைகள் வருகிற இடம் என்று சொல்லிவிட்டுப் போனாளாம். கௌரியின் அம்மா வந்து சொன்னார். பெற்றவள் எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்? அதிலும் முந்திக்கொண்டாள். அந்த வதங்கிய இலையையும் சுவரில் ஒட்டிவிட்டார்கள். கீழே, 'சாயம் போட்டும் பச்சை.'

மழை நின்றது. மார்கழி போனது, பொங்கல் போனது. கரஸ்பாண்டன்ட் அந்தப் பாடத்தையே மறந்துவிட்டார். வித்யாவின் கையில் நகத்தோரம் மட்டும் கொஞ்சம் சாயம் மிச்சமிருந்தது. தை மாதக் கடைசியில் ஒரு காலை, நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போன வித்யா வாசலில் வந்து நின்றாள். பாட்டிலைக் காணோம். கையில் அவள் முகத்தைவிடப் பெரிய ஒரு பாதாம் இலை. நடுநரம்போரம் கொஞ்சம் மஞ்சள், மற்றதெல்லாம் அரக்குச் சிவப்பு. கண்ணில் அப்படியொரு வெளிச்சம்.

என் மகள். என் வாசலில். நான் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன்.

வித்யா என்னைத் தாண்டி ஓடினாள். பாவாடை என் விரலில் பட்டுக்கொண்டு போனது.

"மிஸ்! வந்துடுச்சு மிஸ்!"

தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மோந்து பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு அந்தம்மாவின் குரல், "செவந்துதான் இருக்குது." அவ்வளவுதான், கூரை பிய்ந்துகொண்டது. என் பிள்ளைகளும் எழுந்து அந்தப் பக்கம் ஓடினார்கள். நான் தடுக்கவில்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

அந்த இரைச்சலுக்குள்ளும் ஒன்று கேட்டது. "அம்மாகிட்ட காட்டினியா கண்ணு?"

"இல்ல மிஸ்."

"மொதல்ல போய் அம்மாகிட்ட காட்டிட்டு வா."

வித்யா வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, இலையை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "பாருங்க மிஸ்."

பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது, நான் வெட்டிய எந்த இலையும் அந்த நிறத்தில் இல்லை. வாங்கப் போனேன். அவள் வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். "குடுக்கறதுக்கு இல்ல மிஸ். காட்டிட்டு வரத்தான் சொன்னாங்க." காட்டினாள், போய்விட்டாள்.

எனக்குக் கிடைத்தது அந்த ஒரு பார்வைதான். அதுவும் அந்தம்மா அனுப்பிவைத்தது.

அடுத்த வருஷம் அந்தம்மா வேறு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். "எங்க மிஸ் இப்ப எங்கம்மா இருக்காங்க?" என்று வித்யா கேட்கும்போதெல்லாம், "தெரியலையே" என்று சொல்லிவிடுவேன். தெரியாமல் என்ன? ஐயம்பேட்டையில் தன் தம்பி வீட்டோடு இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு தரம் பார்த்தேன், கொண்டை நரைத்திருந்தது, பென்சில் அப்படியே இருந்தது. நான் கூட்டத்தில் நகர்ந்துகொண்டேன்.

நேற்று இந்த வருஷப் போட்டோ வந்தது. மரம் மட்டும் இல்லை, இந்தத் தடவை மரத்தடியில் என் பேத்தியும் நிற்கிறாள். இரண்டாம் வகுப்பு, முன்பல் இல்லை. கையில் சிவப்பு இலை. அதை மூக்கில் வைத்து, கண்ணை மூடி, மோந்துகொண்டிருக்கிறாள்.

ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தேன். என் வயிற்றில் பிறந்தவள், அவள் வயிற்றில் பிறந்தது, அந்தம்மாவைக் கண்ணால்கூடப் பார்த்திராதது!

காலையில் மழை விட்டிருந்தது. போனைச் சார்ஜில் போட்டேன். நல்ல புடவையாக ஒன்று எடுத்துக் கட்டிக்கொண்டேன். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ நிற்கிறது. போனை அந்தம்மா கையில் கொடுக்கமாட்டேன். மூஞ்சிக்கு நேரே தூக்கிப் பிடிப்பேன். காட்டிவிட்டு வந்துவிடுவேன்.